கடல் பக்கத்தில் இருந்தும் ஏன் இந்த வேக்காடு?

மந்தைவெளி மாடிவீடு (மே 26, இரவு 9.40)

கோவையிலிருந்து என் மைத்துனர் வந்திருக்கிறார். சென்ட்ரலில் இறங்கி ஆட்டோ பேசி முடிப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டதாம். வந்ததிலிருந்து ஒரே கேள்வி: "இவ்வளவு பெரிய கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏன் இப்படி வேகிறீர்கள்?" வெயில் காலம் அப்படித்தான் என்று மழுப்பிப் பார்த்தேன். விடவில்லை. பேச்சோடு பேச்சாகச் சிறுவாணித் தண்ணீரையும் இழுத்துவிட்டார்.

பிறந்ததிலிருந்து இங்கேயே இருக்கிறேன், எனக்கே சரியான பதில் தெரியவில்லை. இந்த ஊரின் தட்பவெப்பத்தைத் தீர்மானிப்பது கடலா, சூரியனா, நாம் கட்டிக் குவித்த கட்டடங்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளை மதியச் சாப்பாட்டுக்குள் பதில் வந்தால் குடும்ப மானம் தப்பும்.

ஆவடி மொட்டைமாடி (10.05)

மைத்துனர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். கடலால் நமக்குக் கிடைப்பது புழுக்கம் ஒன்றுதான். என் மனைவியின் ஊர் வேலூர். மே மாதத்தில் அங்கே பகல் வெயில் சென்னையைவிட அதிகம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே வியர்வை காய்கிறது. இங்கே குளித்துவிட்டுத் துவட்டும்போதே மறுபடி வியர்க்கிறது. எனக்கும் கடலுக்கும் நடுவே இருபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அதன் காற்று என் வீட்டுக்கு மாலை ஐந்து மணிக்கு வரும், சில நாள் வராது. ஈரம் மட்டும் முன்பணம் கட்டியதுபோல் காலையிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மெரினாவில் சுண்டல் தின்கிறவர்களுக்குக் கடல் வரம். எங்களுக்கு இல்லை.

திருவான்மியூர் ஜன்னல் (10.31)

ஆவடி அண்ணா, கடல் இல்லாத சென்னையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அதுதான் உங்கள் வேலூர்.

எங்கள் வீட்டில் கிழக்கே ஒரு ஜன்னல், மேற்கே ஒரு ஜன்னல். காலையில் மேற்குக் காற்று அடிக்கும்போது கிழக்கு ஜன்னல் திரை வெளியே கம்பிகளோடு போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒரு கட்டத்தில் காற்றே இருக்காது. திரை தொங்கும், வேப்ப இலைகூட அசையாது, அன்றைக்கு அதுதான் கொடுமையான அரைமணி நேரம். அதற்கப்புறம் திரை மெல்ல உள்ளே உப்பி வரும். கடற்காற்று இறங்கிவிட்டது என்று அர்த்தம். இந்த மே மாதம் முழுக்க அந்த நேரத்தைத் தினசரிக் காலண்டர் தாளில் குறித்து வருகிறேன். முதல் வாரத்தில் 11.40, 11.55. போன வாரம் 1.30. நேற்று 2.45. பதினெட்டாம் தேதித் தாளில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது, அன்றைக்குக் காற்று திரும்பவே இல்லை. அன்று என் மாமியார் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சமையலறைத் தரையில் படுத்துவிட்டார்.

கடல் வந்த நாளுக்கும் வராத நாளுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

லேக் ஏரியா (10.48)

இருவரும் நூறு வருஷத்துக்கு முன்பும் இருந்த கடலையும் காற்றையும் பேசுகிறீர்கள். மாறியது எது என்று பாருங்கள். நான் இருப்பது நுங்கம்பாக்கம் லேக் ஏரியா. பெயரில் ஏரி இருக்கிறது, தெருவில் ஏரியைக் காட்டுங்கள் பார்ப்போம். 1976-இல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பதும் அதே ஏரி நிலத்தில்தான். தியாகராய நகரும் அப்படியே: 1920-களில் மயிலாப்பூர் நீள ஏரியை வடித்துவிட்டு மனை போட்ட ஊர். பள்ளிக்கரணைச் சதுப்பில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சியிருந்தால் பெரிது. 2022-இல் அதை ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்த்தார்கள், மிச்சத்தையாவது காக்கட்டும்.

தண்ணீர் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தில் தாரும் கான்கிரீட்டும் வந்தால் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்து ராத்திரி நம்மிடம் திருப்பித் தருகிறது. போதாக்குறைக்கு ஒவ்வொரு வீட்டு ஏசியும் உள்ளே இருக்கும் சூட்டைப் பக்கத்து வீட்டு ஜன்னலில் கொட்டுகிறது.

சாட்சி வேண்டுமா? நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. 1895 டிசம்பர் 11-ஆம் தேதி ஒரு முறை, 1905 ஜனவரி 29-ஆம் தேதி மறுமுறை. அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேலாக அந்தக் குளிர் திரும்பவில்லை. கடலா மாறிவிட்டது?

ஓய்வு பெற்ற புவியியல் வாத்தியார் (11.20)

தூங்கப் போகிற நேரத்தில் இதைப் பார்த்துத் தொலைத்தேன்.

பிள்ளைகளுக்கு நான் வரைபடத்தில் ஒரே ஒரு கோடு போடச் சொல்வேன். 13 டிகிரி வடக்கு அட்சக்கோட்டை ஒட்டிக் கிழக்கிலிருந்து மேற்கே போங்கள். சென்னை, பெங்களூரு, மங்களூரு. மூன்றுக்கும் அட்சரேகையில் கால் டிகிரி வித்தியாசம்கூட இல்லை. ஒரே சூரியன், ஒரே சாய்வு, பகல் நீளமும் ஒன்றே. ஆனால் பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. மங்களூருவும் நம்மைப் போலக் கடற்கரை ஊர்தான். ஆனால் அங்கே ஜூனில் வானம் உடைத்துக்கொண்டு ஊற்றும்போது இங்கே மண்டை பிளக்கிறது. அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று தன் ஈரத்தையெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கமே இறக்கி வைத்துவிடுகிறது. மலை தாண்டி இறங்கும்போது காய்ந்து, சமவெளியில் நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் சுட்ட தரைமேல் நடந்து வந்து சென்னையில் நுழைகிறது.

ஆகவே சூரியனையும் கடலையும் மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் மங்களூருவும் சென்னையும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். இல்லையே! காற்று எந்தத் திசையிலிருந்து, எதன்மேல் நடந்து வருகிறது என்பதை விட்டுவிட்டீர்கள்.

இன்னொன்று. சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது ஏப்ரல் 24, 25 வாக்கில். அப்படியானால் ஏப்ரல் கடைசியில்தானே வெயில் உச்சத்தில் இருக்க வேண்டும்? இருப்பதில்லை. அப்போது காற்று தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் கடலைத் தடவிக்கொண்டு வருகிறது, கடற்காற்றும் முற்பகலிலேயே இறங்கிவிடும். மே கடைசியில் மேற்குக் காற்று வலுக்கிறது, அப்போதுதான் ஊர் அடுப்பாகிறது. ஜன்னல் வீட்டம்மா குறித்து வைத்த 11.40 முதல் 2.45 வரையிலான தேதித் தாள்களை நான் வகுப்பில் காட்டியிருப்பேன்.

ஆவடி மொட்டைமாடி (11.34)

ஐயா, பாடம் நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் என் கட்சிக்குத்தான் வாக்களித்திருக்கிறீர்கள். மேற்குக் காற்று ஓங்கினால் கடல் வெறும் பார்வையாளர். அப்படியானால் சென்னையை ஆள்வது மலையும் தரையும்தானே?

ஓய்வு பெற்ற புவியியல் வாத்தியார் (11.41)

மே, ஜூனில் பகல் 11 மணி முதல் 2 மணி வரை, ஆமாம். மீதிப் பொழுதுக்கும் மீதி மாதங்களுக்கும் நாளை பதில் சொல்கிறேன். இப்போது ரத்த அழுத்த மாத்திரை போட்டாகிவிட்டது.

காசிமேட்டுப் பேரன் (மே 27, காலை 6.15)

எங்கள் தாத்தா இதைப் பாடப்புத்தகம் இல்லாமல் சொல்வார். மேற்கே இருந்து வருவதைக் கச்சான் என்போம். கச்சான் கட்டி அடித்தால் மதியக் காற்று கரையேறாது, வாசலில் நிற்கும். வடக்கே இருந்து வருவது வாடை. கட்டுமரத்தில் பாய் கட்டிப் போன காலத்தில் விடியற்காலைக் கரைக்காற்றில் வெளியே போய், மதியம் கடற்காற்று எழுந்ததும் அதிலேயே திரும்புவார்கள். டீசல் செலவு இல்லாத போக்குவரத்து. காற்று திரும்பத் தாமதமானால் வீட்டில் சோறும் தாமதம்.

இப்போது தடைக்காலம், ஜூன் 14 வரை விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கின்றன. வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் இந்த மே மாதக் காற்று அத்துப்படி. நேற்று இங்கே 2.20-க்கே தண்ணீர் நிறம் மாறியது, தூரத்தில் அலை நுனி வெள்ளையாக உடைய ஆரம்பித்தது. கரையில் முகத்தில் பட அதற்கப்புறம் கொஞ்ச நேரம் ஆனது.

ஆவடி அண்ணனுக்கு ஒன்று: கச்சான் நிற்க வைத்தாலும் கடல் வெளியே போய்விடவில்லை. வாசலில்தான் நிற்கிறது.

லேக் ஏரியா (8.02)

அழகான பேச்சு. ஆனால் நான் கேட்ட கேள்வி அப்படியே கிடக்கிறது. கரையோரம் வரிசையாகப் பதினைந்து மாடி கட்டிக் காற்றின் வாசலையே அடைத்தாயிற்று. 13.9 ஏன் திரும்பவில்லை?

ஓய்வு பெற்ற புவியியல் வாத்தியார் (9.10)

பொடி தோசை முடிந்தது, வருகிறேன்.

மாடிகள் கடற்காற்றை நிறுத்துவதில்லை. அந்தக் காற்றுப் படலம் சில நூறு மீட்டர் உயரத்துக்கு இருக்கும். பதினைந்து மாடி என்பது ஐம்பது மீட்டர். யானை வரும் வழியில் செங்கல் வைத்ததுபோல். ஆனால் தெரு மட்டத்தில் வேகம் குறையும், சந்துக்குள் காற்று நுழையாது. அதை ஒப்புக்கொள்கிறேன். மனிதன் நடப்பது தெரு மட்டத்தில்தான்.

இரவுக் குளிர் போனதற்கு உங்கள் கான்கிரீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு, அதையும் ஏற்கிறேன். நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் வானிலை நிலையங்கள் இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். கத்திரி வெயிலில் பகலில் மீனம்பாக்கம்தான் பெரும்பாலும் அதிகம் காட்டும், ஏனென்றால் கடலிலிருந்து இன்னும் உள்ளே இருக்கிறது, காற்று அங்கே போய்ச் சேர நேரமாகும். இரவில் பார்த்தால் நுங்கம்பாக்கம் அதைவிடச் சூடாக இருக்கும். பகல் வித்தியாசம் கடலின் கை, இரவு வித்தியாசம் ஊரின் கை.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நுங்கம்பாக்கத்தின் உச்சபட்ச வெயில் 45 டிகிரி, 2003 மே 31. கத்திரி வழக்கமாக மே 28 வாக்கில் முடிந்துவிடும், அதற்கும் அப்புறம் வந்த நாள் அது. பஞ்சாங்கம் முடித்து வைத்ததை மேற்குக் காற்று முடித்து வைக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனை அடுக்குமாடிகள், எத்தனை ஏசிகள்! கான்கிரீட்தான் எல்லாம் என்றால் அந்த 45 இதற்குள் பத்துமுறை உடைந்திருக்க வேண்டாமா?

லேக் ஏரியா (9.25)

உடைய வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை ஐயா. சரி, பகல் உங்களுடையது, இரவு என்னுடையது. ஏரிகளை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

எல் நினோ நேயன் (9.40)

உள்ளூர்க் காற்றையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பசிபிக் பெருங்கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்தால் இங்கே மழை கொட்டும், அது குளிரும் லா நினா வந்தால் காயும். 2015 போதாதா? சென்னையின் தலையெழுத்து பெரு நாட்டுக் கரையில் எழுதப்படுகிறது.

திருவான்மியூர் ஜன்னல் (9.58)

2015 வலுவான எல் நினோ ஆண்டு, உண்மை. அந்த நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1,049 மி.மீ. பெய்தது. டிசம்பர் 2 காலை வரையிலான ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. எங்கள் தெருவில் படகு வந்தது, மறக்கவில்லை. ஆனால் 2021 லா நினா ஆண்டு. அந்த நவம்பரிலும் சென்னையில் 1,000 மி.மீ. தாண்டியது. அதே வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி, மார்கழி நடுவில், யாரும் எதிர்பாராத மழை மதியம் பிடித்து ராத்திரிவரை அடித்தது. கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை என்று சொல்லி வைத்தவர்கள் அன்றைக்கு அண்ணா சாலையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

பெரு நாட்டுக் கரை பந்தயத்தைச் சாய்க்கலாம். முடிவு செய்வது வங்காள விரிகுடாவில் அந்த வாரம் எங்கே தாழ்வு நிலை உருவாகி எங்கே நகர்கிறது என்பதே. நூறு கிலோமீட்டர் வடக்கே போனால் ஆந்திராவுக்கு மழை, நமக்கு மேகமூட்டம்.

ஓய்வு பெற்ற புவியியல் வாத்தியார் (10.15)

நன்றாகச் சொன்னீர்கள் அம்மா. நேற்று பாக்கி வைத்த பதிலும் இதுதான். சென்னைக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 1,400 மி.மீ. மழை. அதில் அறுபது விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஐப்பசியில் காற்று வடகிழக்குக்குத் திரும்பி, வங்கக் கடல் முழுக்க நடந்து ஈரம் அள்ளிக்கொண்டு வருகிறது. மே மாதத்தில் வாசலில் நின்ற அதே கடல் அப்போது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆவடி நண்பரே, பார்வையாளர் என்றீர்களே, மிக்ஜாம் வந்த 2023 டிசம்பரில் உங்கள் தெரு எப்படி இருந்தது? அந்தப் புயல் கரையேறியது ஆந்திராவின் பாபட்லா பக்கத்தில். போகிற போக்கில் நம்மை நனைத்ததற்கே ஊர் தாங்கவில்லை.

மழை மூன்று மாதத்தில், அதுவும் சில நாட்களில் வந்து விழுவதால்தான் இந்த ஊருக்கு இரண்டு முகம். 2015-இல் படகு. நான்கே வருஷம் கழித்து, 2019 ஜூலையில், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர்.

ஆவடி மொட்டைமாடி (10.40)

மிக்ஜாமைச் சொல்லி வாயை அடைக்கிறீர்கள். எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை.

ஆனாலும் என் கணக்கில் ஒன்று மிச்சம் இருக்கிறது. வடகிழக்கு அறுபது போனால் மிச்சம் நாற்பதில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்கிறது. அப்போது காற்று மேற்கு, மலை தடுக்கிறது, வரும் காற்று காய்ந்தது என்கிறீர்கள். காய்ந்த காற்றிலிருந்து எப்படி ஐயா மழை? 2023 ஜூன் 19-ஆம் தேதி மழைக்குப் பள்ளி விடுமுறையே விட்டார்களே. அது எந்தக் கடல்?

ஓய்வு பெற்ற புவியியல் வாத்தியார் (11.05)

கேட்டீர்களே, இதற்காகத்தான் காத்திருந்தேன்.

கோடை மாலைகளில் மழை எப்போது வருகிறது? காலையில் வருவது அபூர்வம். நாலு மணிக்கு மேல், பெரும்பாலும் இரவில். எந்தப் பக்கம் கறுக்கிறது? மேற்கே. கடற்காற்று ஈரத்தோடு உள்ளே நகர்ந்து போகிறது, எதிரே மேற்குக் காற்று வருகிறது. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. மேலே போனால் குளிரும், குளிர்ந்தால் மேகம், மேகம் திரண்டால் இடி. முட்டும் இடம் எது தெரியுமா? காற்று நகர்ந்து உங்கள் பக்கம் வந்து சேரும் பகுதிதான். ஆவடி, திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர். பிறகு மேலடுக்குக் காற்று அந்த மேகத்தை மறுபடி கடற்கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறது, எட்டு மணிக்கு எங்களுக்கும் கிடைக்கிறது.

கடல் உங்களுக்கு வராது என்றீர்கள். உங்கள் ஜூன் மாத மழை அது வந்ததற்கான ரசீது.

காசிமேட்டுப் பேரன் (11.20)

தாத்தா இருந்திருந்தால் வாத்தியாருக்கு ஒரு கிலோ வஞ்சிரம் கொடுத்தனுப்பியிருப்பார். தடைக்காலத்து விலையில் நான் நெத்திலிதான் தர முடியும்.

மந்தைவெளி மாடிவீடு (1.50)

சாப்பாடு முடிந்தது. மைத்துனருக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். மங்களூரு கதையை மிகவும் ரசித்தார். "அப்படியானால் இந்தக் காய்ந்த காற்று எங்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் வருகிறதே, குளிர்ந்த பாதியை நாங்கள் வைத்துக்கொண்டு சூடான பாதியை உங்களுக்கு அனுப்புகிறோம்" என்கிறார். இப்போது உப்பு ஜாடியைத் தட்டிக்கொண்டிருக்கிறார், கட்டி கட்டியாக விழுகிறது. ஈரப்பதத்துக்கு இதைவிடச் சான்று வேண்டாம் என்று சொல்லி மோரில் அப்படியே போட்டுக் கலக்கிவிட்டார்.

வெளியே இலை அசையவில்லை.

திருவான்மியூர் ஜன்னல் (2.52)

திரை உள்ளே வந்துவிட்டது. தாளில் எழுதிவிட்டேன்.

மந்தைவெளி மாடிவீடு (3.04)

இங்கேயும். மாடிக் கொடியில் வேட்டி மேற்கே பார்த்து நிற்கிறது. மைத்துனர் பனியனோடு கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறார், கீழே வர மறுக்கிறார்.

லேக் ஏரியா (3.20)

நுங்கம்பாக்கம் ஆஜர். சந்துக்குள் அரைகுறையாக வருகிறது, கான்கிரீட் உபயம்.

ஆவடி மொட்டைமாடி (4.35)

ஒன்றும் வரவில்லை. அனல். அதையும் எழுதி வையுங்கள்.

ஆவடி மொட்டைமாடி (5.28)

வந்தது. பரவாயில்லை, நன்றாகவே வருகிறது.

ஆவடி மொட்டைமாடி (5.46)

மேற்கே கறுத்திருக்கிறது, பட்டாபிராம் பக்கம் ஒரு மின்னல். வாத்தியார் ஐயா, பிறகு பேசுகிறேன். மாடியில் வடகம் காய்கிறது.